ஏழாம் கூடையின் இடப்பக்கம்

உள்ளூர்க் குறையர் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. தன் ஊரில் உள்ள எதைப் பற்றியாவது வெளியூர்க்காரரிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் நாக்கு அழுகிப்போகும் என்று நம்புகிற இனம் அது. ஊர்க் குளத்தைப் பற்றிக் கேட்டால் தண்ணீர் கலங்கல் என்பார். நூலகத்தைப் பற்றிக் கேட்டால் நாற்காலி ஆடும் என்பார். இங்கே காற்று நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக ஒரு பேச்சுக்குச் சொன்னால், "இன்னைக்கு மட்டும்தான்" என்பார்.

இந்த இனம் எல்லா நாட்டிலும் விளையும். ஆனால் பின்லாந்தில், எங்கள் கிவிலம்பியில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் தட்டெறி மைதானத்தில் விளைகிற மாதிரி வேறெங்கும் விளையாது. தட்டெறி என்றால் கோல்ஃப்தான். பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை, புல்வெளிக்குப் பதில் காடு. மரங்களுக்கு நடுவே தட்டை வீசி வீசி, குறைந்த வீச்சில் கூடைக்குள் போட வேண்டும். பதினெட்டுக் கூடை முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் எட்டிப் பார்க்கிற ஊரில்கூட இங்கே ஒரு தட்டெறி மைதானம் இருக்கும். மைதானம் இருந்தால் அதற்கு ஒரு குறையர் இருப்பார். எங்கள் குறையரின் பெயர் தார்மோ.

தார்மோ குளிர்காலத்தில் சாலையில் பனி வாரும் வண்டி ஓட்டுவார். கோடையில் வாருவதற்குப் பனி இல்லாததால் மைதானத்தை வாருவார். காலையில் முதல் எறிமேடைக்குப் பக்கத்தில் பிளாஸ்க்கில் காப்பியோடு நிற்பார். எங்கள் ஊரில் முன்பின் தெரியாதவரோடு பேசுவதென்றால் அவர் வீடு தீப்பிடித்திருக்க வேண்டும். சின்னத் தீ என்றால் அப்போதும் யோசிப்போம். ஆனால் குறை சொல்வது பேச்சில் சேராது, அது பொதுச்சேவை. ஆகவே வெளியூர் வண்டி ஒன்று வந்து நின்று, ஆட்கள் இறங்கித் தட்டுப்பையைத் தோளில் மாட்டியதும் தார்மோ பக்கத்தில் போய்விடுவார். வணக்கம் கிணக்கம் ஒன்றும் கிடையாது. "விரிப்பு வழுக்கும்" என்று ஆரம்பிப்பார்.

அப்புறம் யார் நிறுத்துவது? முதல் மேடையின் விரிப்பு மழையில் வழுக்கும், வெயிலில் கொப்பளிக்கும். இரண்டாவதில் நின்றால் காலைச் சூரியன் நேரே கண்ணைக் குத்தும், அந்தச் சூரியனை யார் அங்கே வைத்தது என்று முனிசிபாலிட்டியைத்தான் கேட்க வேண்டும். மூன்றாவதில் நாய் நடத்துபவர்கள் குறுக்கே வருவார்கள், நாய் தட்டைக் கவ்விக்கொண்டு போகும், நாய்க்காரர் மன்னிப்புக் கேட்பார், அதற்குப் பதில் சொல்லித் தொலைக்க வேண்டும். நான்காவதில் ஒரு பைன் மரம் தட்டு போகிற வழியிலேயே நிற்கும், மைதானம் வருவதற்கு நூறு வருஷம் முன்பே அது அங்கே நின்றது என்பதெல்லாம் ஒரு சாக்கு. ஐந்தாவதின் குட்டை தட்டை விழுங்கும், திருப்பித் தராது. ஆறாவதில் பெஞ்சு போட்டிருக்கிறார்கள், ஆனால் அது கூடையைப் பார்க்காமல் கழிப்பறையைப் பார்க்கிறது. வந்தவர்கள் இன்னும் முதல் தட்டை எறிந்திருக்க மாட்டார்கள். முகம் வாடிவிடும்.

ஒருமுறை தலைநகரிலிருந்து வந்த ஒரு பெண் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள்.

"இவ்வளவு மோசம்னா நீங்க ஏன் தினமும் இங்கயே ஆடறீங்க?"

தார்மோ யோசித்தார். "பக்கத்துல இருக்கு" என்றார்.

மைதானங்களைப் பற்றி ஆட்டக்காரர்கள் போனிலேயே எழுதிவைக்கிற பக்கம் ஒன்று உண்டு. அதில் நிறை என்று ஒரு கட்டம், குறை என்று ஒரு கட்டம். தார்மோ எழுதிய குறைகளைப் படித்து முடிப்பதற்குள் கட்டைவிரல் வலிக்கும். நிறை என்ற கட்டத்தை அவர் காலியாகவும் விடவில்லை, நேர்மையான மனிதர். அதில் எழுதியிருந்தார்: வண்டி நிறுத்த இடம் இருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் இந்த இனத்தின் சாதாரணக் குணம். எந்தக் குறையரும் இந்த அளவுக்குச் செய்வார். தார்மோவின் தனித்திறமையைப் பார்க்க வேண்டுமென்றால் ஏழாம் கூடைக்கு வர வேண்டும்.

ஏழாவதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் இறங்கும். அக்கம்பக்கம் பார்ப்பார். மற்றக் கூடைகளைப் பற்றிச் சொன்னது கோபம், இது எச்சரிக்கை. ஏழாவதின் இடப்பக்கம் பிர்ச் மரமும் ஸ்ப்ரூஸ் மரமும் பின்னிக்கொண்ட ஒரு புதர்க்காடு. அங்கே விரியன் இருக்கிறது என்பார். ஒன்றல்ல, குடும்பம். உண்ணி இருக்கிறது, எறும்புப் புற்று இடுப்புயரம், முழங்கால்வரை இழுக்கும் சேறு. போன வருஷம் ஒருவர் உள்ளே போனார், அப்புறம் அவர் ஆடுவதையே விட்டுவிட்டார் என்பார். (அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அதைத் தார்மோ சொல்ல மாட்டார்.) "தட்டு இடப்பக்கம் போச்சுன்னா போனதுதான். நீ உள்ள போகாத. நான் எடுத்துட்டு வந்து தரேன்" என்பார்.

தருவார், ஐயா, தருவார்! அதுதான் விசேஷம். ஊரில் யாருடைய தட்டு அந்தப் பக்கம் போனாலும், பாம்பையும் எறும்பையும் பொருட்படுத்தாமல் தார்மோ தனியே உள்ளே போய், வெகுநேரம் தேடி, தட்டின் முதுகில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்து உரியவரிடம் சேர்ப்பார். வாய்தான் பொல்லாதது, மனுஷன் தங்கம் என்று ஊர் சொன்னது. அவர் கூடவே வாராவாரம் ஆடுகிற எஸ்கோ மட்டும் எதுவும் சொன்னதில்லை. எஸ்கோ பள்ளிக்கூடத்துக் காவலாளி. ஆண்டுக்கு இத்தனை வாக்கியம் என்று ரேஷன் வைத்துப் பேசுபவர். ஆகஸ்டு மாதத்தில் தார்மோ எறியும் தட்டு ஏழாவதில் ஒவ்வொரு முறையும் இடப்பக்கமே போவதையும், தேடப் போனவர் திரும்பி வரும்போது பையின் அடிப்பக்கம் புடைத்திருப்பதையும் அவர் பார்த்திருக்கலாம். பார்த்தாரா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்த ஆண்டுக்கான வாக்கியங்கள் தீர்ந்திருக்கும்.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். அங்கே பாம்பு இல்லை. அங்கே இருந்தது கந்தரெல்லிக் காளான்.

முட்டைக் கரு நிறத்தில், பாசிக்கு நடுவே, ஆகஸ்டில் ஒரு மழை பெய்து ஓய்ந்ததும் கொத்துக்கொத்தாக, யாரோ மஞ்சள் துணியைக் கிழித்துப் போட்ட மாதிரி. வெண்ணெயில் வதக்கி, பாலேடு ஊற்றி, புது உருளைக்கிழங்கோடு தட்டில் வைத்தால் பேச்சு வராது. மற்ற நேரத்திலும் எங்களுக்குப் பேச்சு வராதுதான், ஆனால் காரணம் வேறு. இந்த நாட்டில் யாருடைய காட்டிலும் யாரும் புகுந்து காளான் பறிக்கலாம், சட்டமே அப்படி. வேலி கிடையாது, பட்டா கிடையாது. ஆகவே வாய்தான் வேலி. அடுத்த வீட்டுக்காரரோடு பிறந்த மேனிக்குச் சானாவில், அந்த நீராவி அறையில், உட்கார்ந்து வியர்ப்போம். யார் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பது பேப்பரிலேயே வரும். ஆனால் காளான் இடத்தை மட்டும் பெற்ற பிள்ளைக்கும் சொல்ல மாட்டோம். சாகும் நேரத்தில் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்து, ஒருவேளை பிழைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று அடக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு.

தார்மோவின் மனைவி ரைலிக்கே தெரியாது. வருஷா வருஷம் அவர் பையைச் சமையல் மேடையில் கவிழ்ப்பார். ரைலி கேட்பார்.

"எங்க கிடைச்சுது?"

"காட்டுல."

"எந்தக் காட்டுல?"

"மரம் இருக்கிற காட்டுல."

ரைலி வெண்ணெயை எடுப்பார். கோபமெல்லாம் இல்லை. ரைலி பறித்து வரும் சிவப்புப் பெர்ரி எங்கே கிடைக்கிறது என்று தார்மோவுக்கும் தெரியாது. நல்ல குடும்பம்.

இப்படியே போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஆனால் அந்த வசந்தத்தில் மைதானக் கிளப்புக்குப் புதுத் தலைவி வந்தார். ஹில்க்கா, தார்மோவோடு ஒன்றாகப் படித்தவர், ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். ஹில்க்காவிடம் ஓர் ஆபத்தான குணம் உண்டு. யாராவது குறை சொன்னால் காது கொடுத்துக் கேட்பார். அதோடு விடமாட்டார், சரிசெய்யவும் கிளம்பிவிடுவார். குறையர் இனத்துக்கு இதைவிடப் பெரிய எதிரி உண்டா? குறை என்பது சொல்வதற்காக இருப்பது. அதைப் போய்ச் சரிசெய்தால் நாளைக்கு என்ன சொல்வது?

பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில், சின்னப் பிள்ளைகளின் நாற்காலியில் பெரியவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த கூட்டத்தில், ஹில்க்கா எழுந்தார். எல்லாக் குறையையும் ஒரு பிரச்சினையாகப் பார்ப்பதாகவும், அவற்றில் முதலில் கவனிக்க வேண்டியது ஏழாம் கூடை என்றும் சொன்னார். தார்மோ அப்போது ஏலக்காய் பன் ஒன்றை வாயில் வைத்திருந்தார்.

"தார்மோ எத்தனை வருஷமா கத்திட்டிருக்கான். நாம யாராவது காது குடுத்தோமா? பாம்புங்கிறான், எறும்புங்கிறான், சேறுங்கிறான். அதுக்குள்ள போய் ஊரான் தட்டையெல்லாம் எடுத்துக் குடுக்கறது யாரு? இவன்தான். இந்த வயசுல இவனுக்கு என்ன தலையெழுத்தா? இடப்பக்கத்த மொத்தமா வெட்டி, வாய்க்கா போட்டு, ஜல்லி கொட்டிருவோம். புதுக் கூடையையும் அங்கயே வெச்சிரலாம். முனிசிபாலிட்டி சரின்னுடுச்சு. பலகையில 'தார்மோ மூலை'ன்னு எழுதறோம்."

கூட்டம் தலையாட்டியது. எங்கள் ஊரில் தலையாட்டுவது என்றால் மற்ற ஊரில் மாலை போட்டு ஊர்வலம் விடுகிற மாதிரி. ஒருவர் இரண்டு முறை ஆட்டினார். தார்மோவுக்குப் பன் தொண்டையில் நின்றது.

"அதெல்லாம் எதுக்கு, ஹில்க்கா? பாம்பு பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

"நீதானப்பா சொன்ன, மனுஷன் போக முடியாதுன்னு?"

"சொன்னேன்."

"பாம்பு இருக்கா, இல்லியா?"

பாருங்கள் கொடுமையை. இருக்கிறது என்றால் வெட்டுவார்கள். இல்லை என்றால் எல்லோரும் உள்ளே போவார்கள். காளான் இருக்கிறது, வெட்டாதீர்கள் என்று உண்மையைச் சொன்னால் காடு பிழைக்கும், காளான் பிழைக்காது. தார்மோ தண்ணீர் குடித்தார்.

"கொஞ்சம் இருக்கு" என்றார்.

கொஞ்சமே இருந்தாலும் தப்புத்தான் என்று ஹில்க்கா முடித்துவிட்டார். ஆகஸ்டு மாதம் ஒரு சனிக்கிழமை ஊர்கூடி வேலை செய்வது, வருகிறவர்களுக்குப் பட்டாணிச் சூப்பும் சாசேஜும் என்று முடிவானது. வீட்டுக்கு வந்த தார்மோ முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊரே உன் பெயரை வைக்கிறது, உனக்கு என்ன வந்தது என்று ரைலி கேட்டதற்கு, பலகையில் எழுத்துச் சின்னதாகப் போடுவார்கள் என்றார். குறையர் சாகிற வேளையிலும் குறையர்தான்.

அப்புறம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. பறக்கும் அணில்! எங்கள் நாட்டில் ஒரு வேலையை நிறுத்த வேண்டுமென்றால் நீதிமன்றத்துக்கெல்லாம் போக வேண்டியதில்லை. அங்கே சட்டம் பாதுகாக்கிற பறக்கும் அணில் வாழ்கிறது என்று நிரூபித்துவிட்டால் போதும். அதன் புழுக்கை கிடந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு நெடுஞ்சாலையே வளைந்து போகும். தார்மோ முனிசிபாலிட்டிக்குப் போன் செய்து, பெயர் சொல்லாமல், ஏழாம் கூடையின் இடப்பக்கத்தில் அணிலைப் பார்த்ததாகச் சொன்னார். பனி வாரும் வண்டி சம்பந்தமாக அதே எண்ணுக்கு அதே குரலில் பலமுறை அழைத்தவர் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அணில் சாட்சிக்கு வராது, புழுக்கையாவது வேண்டுமே. அது அரிசி மணி அளவில், மஞ்சளாக இருக்கும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அரிசி மணி அளவில் மஞ்சளாக ஒன்றைச் செய்வது அவ்வளவு கஷ்டமா? ரைலி கடைக்குப் போன நேரம் பார்த்துத் தார்மோ ஒரு பிடி அரிசியை அரைவேக்காடாக வேகவைத்து, அலமாரியில் இருந்த கறிமசாலாவை டப்பாவோடு கொட்டிப் புரட்டி, ஆறவைத்து, அன்று சாயங்காலமே மரத்தடி மரத்தடியாகத் தூவிவிட்டு வந்தார்.

சுற்றுச்சூழல் அதிகாரி முழங்கால்வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். ஹில்க்காவும் எஸ்கோவும் தார்மோவும் பாதையிலேயே நின்றார்கள். அதிகாரி ஒரு மரத்தடியில் குனிந்தார். ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினார். முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். திரும்பி வந்து கையை நீட்டினார்.

"இந்த அணில் மசாலா போட்டுப் பொங்கித் திங்குது. எங்க புத்தகத்துல இப்படி ஒண்ணு இல்ல."

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் குறும்பு என்று ஹில்க்கா சொல்லிவிட்டார். எஸ்கோ தார்மோவைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். வீட்டில் ரைலி மசாலா டப்பாவைத் திறந்து, காலியாக இருப்பதைப் பார்த்து, மூடி வைத்தார். ஏழாம் கூடைப் பக்கம் மசாலாச் சோறு கிடந்த செய்தி அதற்குள் கடைத்தெரு வரைக்கும் வந்திருந்தது. ஆனாலும் ரைலி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எங்கள் ஊரில் நல்ல அறிகுறி அல்ல.

ஆகஸ்டு வந்தது. வாரம் முழுக்கத் தூறலும் வெயிலும் மாறி மாறி, காளானுக்கென்றே சொல்லிவைத்துப் பெய்த மாதிரி பெய்தது. காளான் வந்திருக்கும் என்று தார்மோவுக்கு மூக்கில் வேர்த்தது. ஆனால் போக வழியில்லை. வெட்ட வேண்டிய எல்லையைக் காட்ட ஹில்க்கா ஆட்களோடு தினமும் வந்து சிவப்பு நாடா கட்டிக்கொண்டிருந்தார். ஒருவரும் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை, தார்மோ வளர்த்த விரியன் குடும்பத்தின் மேல் அவ்வளவு பயம். வெளி மரங்களில் நாடாவைச் சுற்றிவிட்டு, காப்பி குடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்கள். தார்மோவும் கூட நின்றார். உள்ளே மஞ்சள் மஞ்சளாக அவை பெருத்துக்கொண்டிருப்பது அவருக்கு மட்டும் காதிலேயே கேட்டது.

சனிக்கிழமை ஊரே திரண்டது. அரிவாளும் மண்வெட்டியும் புதர் வெட்டும் இயந்திரமுமாக ஏழாம் கூடையின் முன்னால் எள் போட இடமில்லை. 'தார்மோ மூலை' என்று எழுதிய பலகைகூடத் தயாராக மரத்தில் சாய்ந்திருந்தது. எழுத்துப் பெரிதாகவே இருந்தது. ஹில்க்கா இயந்திரத்தைக் கிளப்பும் கயிற்றைத் தார்மோவிடம் நீட்டி, முதல் வெட்டு நீதான் வெட்ட வேண்டும் என்றார். தார்மோ கயிற்றைப் பிடித்தார். இழுத்தால் தீர்ந்தது. இந்த ஆண்டுக் காளான் மட்டுமல்ல, இனி எந்த ஆகஸ்டிலும் பையின் அடிப்பக்கம் புடைக்காது. எங்கே கிடைத்தது என்று ரைலி கேட்க மாட்டார், காட்டில் என்று அவர் சொல்ல வேண்டியிருக்காது. அந்த எண்ணம்தான் அவரை அதிகமாக வதைத்தது. கயிற்றை விட்டுவிட்டார்.

"வேண்டாம்" என்றார். "இது நல்லா இருக்கு."

ஊர் திகைத்தது. சில பேர் காதைத் தடவிக்கொண்டார்கள். தன் கல்யாணத்தன்று பெண் எப்படி என்று கேட்டதற்கே "பரவாயில்ல" என்றவர் தார்மோ.

"நல்லா இருக்குன்னா, ரொம்ப நல்லா இருக்கு. இந்த மாதிரி ஒரு கூடை இந்த நாட்டுலயே கிடையாது. காலையில இந்தப் புதருக்குள்ள வெளிச்சம் விழும் பாருங்க, அத நான் எங்கயும் பாத்ததில்ல. அத வெட்டிட்டு ஜல்லி கொட்டுவீங்களா?"

பல வருஷமாக அடைத்து வைத்திருந்த வாய் திறந்துகொண்டது, அதற்கப்புறம் மூட வரவில்லை. நான்காவதின் பைன் மரம் நிற்கிற கம்பீரத்தைச் சொன்னார். ஐந்தாவதின் குட்டையில் சாயங்காலம் வாத்து இறங்குவதைச் சொன்னார். ஆறாவதின் பெஞ்சில் உட்கார்ந்தால் கழிப்பறைதான் தெரிகிறது, ஆனால் அதன் கூரைமேல் தெரிகிற வானம் இருக்கிறதே என்று சொல்லும்போது குரல் உடைந்தது. காளானைக் காப்பாற்றத்தான் ஆரம்பித்தார். பாதி வழியில் பார்த்தால், சொன்னதெல்லாம் நிஜம். அவர் இந்த மைதானத்தை அத்தனை ஆசையாக நேசித்தார். பாவம், அவருக்கே அது அன்றுதான் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அதுவும் நடிப்பல்ல.

ஹில்க்கா மூக்கைச் சிந்தினார். "சரிப்பா, வெட்டல. இவ்ளோ ஆசைய உள்ள வெச்சுக்கிட்டா திட்டிட்டிருந்த?" என்றார். இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஊரெல்லாம் தார்மோவின் தோளைத் தட்டாமல், எங்கள் வழக்கப்படி தோளுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டு நகர்ந்தது. ஜெயித்துவிட்டார் தார்மோ! சாசேஜில் கடுகு விழுதைத் தாராளமாகத் தடவிக்கொண்டு, ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்து தின்றார். நாளை விடியற்காலை முதல் வேலையாக உள்ளே போய்விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

அடுப்பைச் சுற்றி நின்ற மற்றவர்கள் சாசேஜ் வாட்டினார்கள். சூப்பு குடித்தார்கள். கிண்ணம் பாதியானதும் எஸ்கோ வாயைத் திறந்தார்.

"தார்மோ எதையாவது நல்லா இருக்குன்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா?"

இல்லை என்று தலையாட்டினார்கள்.

"ஆகஸ்டு" என்றார் எஸ்கோ.

அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. ஆளாளுக்குக் கிண்ணத்தை வழித்து நக்கிவிட்டு, சீக்கிரம் படுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு கலைந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாகத் தார்மோ எழுந்தார். பக்கத்தில் ரைலி இல்லை. சானாவுக்கு விறகு எடுக்கப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, ஓசைப்படாமல் பையை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். மைதானத்துக்கு வந்தவர் வாசலிலேயே பிரேக் போட்டார். வண்டி நிறுத்த இடமில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கார்கள், ஊர்க்காரர்கள் கார்கள். சாலையோரச் சரிவில் சாய்வாக நிறுத்திவிட்டு ஓடினார்.

ஏழாம் கூடையின் இடப்பக்கத்தில் ஊரே குனிந்திருந்தது. விரியன் குடும்பத்தின் மேல் இருந்த பயம் ஒரே இரவில் எங்கே போயிற்றோ தெரியவில்லை. ஒவ்வொருவர் கக்கத்திலும் மரியாதைக்கு ஒரு தட்டு, இன்னொரு கையில் வாளி. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஹில்க்கா மட்டும் நிமிர்ந்து, தட்டு தேடுவதாகச் சொன்னார். வாளியில் பாதி தேடியிருந்தார். சுற்றுச்சூழல் அதிகாரியும் அதே பூட்சோடு வந்திருந்தார், கையில் காளான் அறுக்கும் கத்தி. அணில் தேடுவதாகச் சொன்னார். எஸ்கோ எதுவும் சொல்லவில்லை, அவர் வாளி நிறைந்திருந்தது.

எல்லோருக்கும் நடுவே, மிக நல்ல இடத்தில், பாசி மெத்தையாகக் கிடக்கும் அந்த ஸ்ப்ரூசின் காலடியில், முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தவர் ரைலி. பக்கத்தில் இரண்டு வாளி. இரண்டும் கூம்பாக நிரம்பியிருந்தன. தார்மோ போய் நின்றார். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தார். ஆனால் மேலே குவிந்திருந்த மஞ்சளைப் பார்த்ததும் வாய் தானாகவே கேட்டுவிட்டது.

"எங்க கிடைச்சுது?"

"காட்டுல."

"எந்தக் காட்டுல?"

"மரம் இருக்கிற காட்டுல" என்று சொல்லிவிட்டு ரைலி அடுத்ததை அறுத்தார்.

அன்று மத்தியானம் ரைலி வெண்ணெயில் வதக்கினார், பாலேடு ஊற்றினார், புது உருளைக்கிழங்கோடு தட்டில் வைத்தார். "கொஞ்சம் கறிமசாலா தூவலாம்னு பாத்தேன், டப்பா காலி" என்றார். தார்மோ குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். முடித்துவிட்டு, உப்பு கொஞ்சம் குறைவு என்றார். அதைக் கேட்டதும் ரைலிக்கு நிம்மதியாக இருந்தது. முந்தின நாள் பேச்சைக் கேட்டதிலிருந்து மனுஷனுக்கு உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டதோ என்று அவருக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது.

இப்போதும் நீங்கள் கிவிலம்பிக்கு வந்தால் தார்மோவை முதல் மேடைக்குப் பக்கத்தில் பிளாஸ்க்கோடு பார்க்கலாம். போனில் இருக்கும் அந்தப் பக்கத்தில், நிறை என்ற கட்டத்தில் இருந்த ஒரே வரியை அவர் அழித்துவிட்டார். குறை என்ற கட்டத்தின் கடைசியில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது: வண்டி நிறுத்த இடமில்லை. பதினொன்றாம் கூடையின் வலப்பக்கத்தை மட்டும் கண்கலங்கப் புகழ்கிறார். அங்கே இருப்பது கொசுவும் காஞ்சொறியும். ஊரில் பாதிப் பேர் போய்ச் சொறிந்துகொண்டு திரும்பிவிட்டார்கள். மீதிப் பேர் அடுத்த ஆகஸ்டுக்காகக் காத்திருக்கிறார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் தெரு முனையில் பெயர்ப்பலகைகூட இல்லாத அந்தச் சின்ன ஓட்டலைப் பற்றி அலுவலகத்தில் யாரோ விசாரித்தபோது, "அங்கயா? சாம்பார் வெறும் தண்ணி, உட்கார இடம் இருக்காது" என்று நீங்கள் சொன்னீர்களே, எதற்காகச் சொன்னீர்கள்? சொல்லிவிட்டு மறுநாள் காலை யாருக்கும் தெரியாமல் அங்கே போய் உட்கார்ந்து இரண்டாம் முறை சாம்பார் வாங்கியது யார்? தப்பென்று சொல்லவில்லை. திட்டுங்கள், நன்றாகத் திட்டுங்கள். இத்தனை வருஷம் திட்டியதை என்றைக்காவது ஒருநாள் உணர்ச்சிவசப்பட்டுப் புகழ்ந்து மட்டும் தொலைக்காதீர்கள்.

அப்புறம், உங்கள் வீட்டில் கொஞ்ச நாளாக யாராவது ஒன்றும் கேட்காமல் இருக்கிறார்களா? எதற்கும் நாளைக் காலை கொஞ்சம் சீக்கிரம் எழுந்து பாருங்கள்.